பித்தளைக் கோதும் உருக்குக் கோதும்

துவக்கைப் பற்றிப் பேசுவோர் அதன் குழலையும் பொறியமைப்பையும் வியப்பர்; அன்றேல் அதனால் விளைந்த அழிவை எண்ணி வருந்துவர். வெடி தீர்ந்தவுடன் நிலத்தில் வீழ்ந்து கிடக்கும் சிறு கோதினைக் கருதுவார் மிகச் சிலரே. போர் ஓய்ந்தபின் வயல் வரம்புகளிலும் வளவுகளிலும் இக்கோதுகளைப் பொறுக்கி விளையாடிய சிறுவரை நம்மவர் பலர் கண்டிருத்தல் கூடும். அவற்றுட் சில பொன்னிறமாகப் பளபளப்பன. சில கருமை கலந்த பச்சை நிறமோ கபில நிறமோ உடையனவாய், இருமழை கண்டவுடன் துருவேறுவன. முன்னவை பித்தளையாலானவை, பின்னவை உருக்காலானவை. ஒரே தொழிலுக்கு இருவேறு உலோகங்கள் வழங்குவானேன்? உருக்குக் கோது துவக்கின் நம்பகத்தைக் கெடுக்கும் என்று கூறுவாரும், அஃது வெறும் அச்சமே என்பாரும் இன்றும் வாதிடுகின்றனர். இவ்வாதத்தின் அடியில் நமது பௌதிகவியல் வகுப்புக்களிற் கற்பிக்கப்படும் மீள்தன்மை விதியொன்று கிடக்கின்றது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் கோதின் தொழில் யாதென அறிதல் வேண்டும். தோட்டா என்பது நான்கு உறுப்புக்களாலாயது. முன்னே சன்னம், உள்ளே எரிமருந்து, அடியிற் ‘கேப்பு’ என்று வழக்கில் வழங்கும் தீமூட்டி, இம்மூன்றையும் ஒருங்கே தாங்கி நிற்பது கோது. தாங்குதல் மாத்திரம் அதன் பணியாயின், தடித்த காகிதமே போதும். பழைய துவக்குக்களுக்குக் காகிதத் தோட்டாக்களே இருந்தன. ஆனால், குழலின் பின்புறத்தைத் திறந்து தோட்டாவை இடும் முறை வந்தபின், வெடிக்கும்போது எரிவாயு பின்னோக்கிச் சுடுவோன் முகத்திற் பாயாதவாறு தடுக்க வேண்டியதாயிற்று. இப்பணியைக் கோதே ஏற்றது. மருந்து எரிந்து அமுக்கம் ஏறியவுடன், கோதின் மெல்லிய சுவர் விரிந்து, தோட்டாவறையின் சுவரோடு ஒட்டி, வாயுவுக்கு வழியில்லாமல் அடைத்துக்கொள்கின்றது. சன்னம் குழலைவிட்டு நீங்கி அமுக்கம் தணிந்ததும் அதே சுவர் மீண்டு சுருங்குதல் வேண்டும். சுருங்கினாலன்றோ அறையினின்றும் அதனை இழுத்தெறிந்து அடுத்த தோட்டாவை இடலாம்! ஒரு கணத்துள் விரிந்து ஒட்டவும், மறு கணத்திற் சுருங்கி விடவும் வேண்டும் என்னும் இம்முரண்பட்ட இரு கடமைகளே கோதின் வரலாறு முழுவதையும் நடத்திச் சென்றன.

இக்கடமையிற் கோது தவறினால் நேர்வது யாது என்பதற்கு 1876ஆம் ஆண்டு யூன் மாதம் 25ஆந் திகதி அமெரிக்காவில் லிற்றில் பிக்கோர்ன் ஆற்றங்கரையில் நடந்த போரை எடுத்துக்காட்டாகக் கூறுவர். அங்கே கஸ்ரர் என்பானும் அவனுடன் நின்ற படைவீரரும் அனைவரும் மாண்டனர். அவர்கள் கையிலிருந்த துவக்குக்களுக்கு அக்காலத்தில் வழங்கிய கோதுகள் செம்பாலானவை. வெடித்த கோது அறையிற் சிக்கிக்கொள்ள, இழுகொக்கி அதன் விளிம்பை மாத்திரம் கிழித்துக்கொண்டு வர, வீரர் கத்தி முனையாற் கோதை நெம்பியெடுக்க முயன்றனர் என்று அன்றே முறைப்பாடு எழுந்தது. 1983ஆம் ஆண்டு அப்போர்க்களத்திற் காட்டுத்தீ பரவிப் புல்லை அழித்தபின், 1984, 1985 ஆகிய ஆண்டுகளிற் தொல்பொருளாய்வாளர் அந்நிலத்தை அகழ்ந்து கோதுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். நெம்பிய தழும்பு உடையவை மிகச் சிலவே. ஆகவே, தோல்விக்குக் கோதே காரணம் என்ற கதை மிகைபட்டது என்க. ஆயினும், குறைபாடு இருந்தது மெய். செம்பு கைவிடப்பட்டுப் பித்தளை அதனிடத்தை அடைந்தது.

பித்தளை வந்தவுடன் இடர் தீர்ந்துவிடவில்லை. பிரித்தானியப் படையின் மார்ற்றினி-ஹென்றி துவக்குக்கு முதலில் வழங்கிய கோது பித்தளைத் தகட்டைச் சுருளாகச் சுற்றிச் செய்யப்பட்டதாகும். 1885ஆம் ஆண்டு சனவரி 17இல் சூடான் பாலைவனத்தில் அபு கிளியா என்னுமிடத்தில் நடந்த போரில், மணலும் வெப்பமும் கூடிய நிலையில் இக்கோதுகள் கிழிந்தும் சிக்கியும் துவக்குக்களை முடக்கின. கேணல் பேர்ணபி மடிந்தது அப்போரிலேதான். அதன்பின், சுற்றிய தகட்டை விடுத்து, ஒரே பித்தளைத் துண்டை அச்சிலிட்டு அழுத்தி நீட்டிச் செய்யப்படும் முழுக்கோதே நிலைபெற்றது. செம்பு நூற்றுக்கு 70 பங்கும் நாகம் 30 பங்கும் கலந்த இப்பித்தளைக்குத் ‘தோட்டாப் பித்தளை’ என்ற பெயரே உலோகவியல் நூல்களில் நிலைத்துவிட்டது.

இனி, செம்பு ஏன் சிக்கியது? பித்தளை ஏன் சிக்காது வருகின்றது? உருக்கின் நிலை யாது? மாணவர் இவ்விடத்தைச் சற்று நின்று நோக்குதல் நன்று.

ஓர் உலோகத்தை இழுத்தால் அது முதலில் மீள்தன்மையோடு நீளும். கையை விட்டவுடன் பழைய அளவுக்கு மீளும். மீள்தன்மையெல்லையைக் கடந்து இழுத்தால் நிலையாகவே நீண்டுவிடும். ஆனால் அந்நிலையிலும், விட்டவுடன் ஒரு சிறு பகுதி மீளவே செய்யும். அவ்வாறு மீளும் விகாரம், அவ்வுலோகம் தாங்கும் எல்லைத் தகைப்பினை யங்கின் மட்டினால் வகுக்க வரும் ஈவுக்கு ஏறத்தாழச் சமனாகும். கோதின் சுவர் அறையை நிரப்பும்போது இவ்வெல்லையைக் கடந்தே விரிகின்றது; ஆதலின், அது சுருங்கி விடும் அளவு இவ்வீவினாலேயே நிருணயிக்கப்படும்.

எண்களை இட்டுப் பார்ப்போம். யங்கின் மட்டு, சதுர அங்குலத்துக்கு இறாத்தலில், பித்தளைக்கு ஏறத்தாழ 160 இலட்சம். செம்புக்கு 170 இலட்சம். உருக்குக்கு 300 இலட்சம். பதமான செம்பின் எல்லைத் தகைப்பினை 10,000 இறாத்தல் எனவும், குளிர்நிலையில் வேலைசெய்து வன்மையேற்றிய பித்தளையினதை 60,000 எனவும், சாதாரண மென்னுருக்கினதை 40,000 எனவும் கொள்வோம். 9.6 மில்லிமீற்றர் விட்டமுள்ள கோதொன்று மீண்டு சுருங்கும் அளவு செம்பில் 0.006 மில்லிமீற்றர், மென்னுருக்கில் 0.013; பித்தளையில் 0.036. செம்பு தோற்றது அதன் எல்லைத் தகைப்பு மிகக் குறைந்தமையால், அஃதாவது வகுபடும் எண் சிறிதாகையால். உருக்கு இடர்ப்படுவது அதன் யங்கின் மட்டு மிகப் பெரிதாகையால், அஃதாவது வகுக்கும் எண் பெரிதாகையால். ஒன்று மென்மையாற் கெட்டது. மற்றொன்று விறைப்பாற் கெடுகின்றது. இரண்டிற்கும் நடுவே பித்தளை நிற்கின்றது.

இதனோடு அறையின் சுவரையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். அது தடித்த உருக்காயினும், வெடியமுக்கத்தால் அதுவும் சிறிது விரிந்து மீளும். அறை மீளும் அளவு கோது மீளும் அளவைவிட மிகுமாயின், அறை கோதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அறையின் விரிவு அமுக்கத்துக்கு நேர்விகிதமாதலின், அமுக்கம் ஏற ஏற உருக்குக் கோதுக்கு இருக்கும் இடைவெளி குறைந்துகொண்டே செல்லும். இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டால், பின்வரும் வரலாற்றிற் பல புதிர்கள் தாமே அவிழும்.

உருக்கை விரும்பி எவரும் முதலிற் கையாளவில்லை. வறுமையே அதனைக் கொணர்ந்தது. முதலாம் உலகப் போரிற் கடல்வழி அடைபட்ட ஜேர்மனிக்குச் செம்பு அரிதாயிற்று. அப்போதே அங்கு உருக்குக் கோதுகள் தோன்றின. இரண்டாம் உலகப் போரில் அவை பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. துருவைத் தடுக்க வார்ணிசு போன்ற மெருகுப்பூச்சொன்று அவற்றின்மேல் இடப்பட்டது. போரின் பிற்பகுதியில் வந்த புதிய குறுந்தோட்டாவுக்கு உருக்குக் கோதே வழக்கமாயிற்று. அமெரிக்காவும் இதே நெருக்கடியை உணர்ந்தது. 1943ஆம் ஆண்டு அந்நாட்டின் ஒரு சதக் காசே நாகம் பூசிய உருக்கில் அச்சிடப்பட்டது என்றால், செம்பின் அருமையை வேறு கூறவும் வேண்டுமோ? அக்காலத்தில் இந்தியானா மாநிலத்து எவன்ஸ்வில் நகரிற் கிறைசிலர் நிறுவனத்தின் மோட்டார் வண்டித் தொழிற்சாலை தோட்டாத் தொழிற்சாலையாக மாற்றப்பட்டு, கைத்துப்பாக்கிக்குரிய .45 அங்குலத் தோட்டாக்களை 300 கோடிக்கு மேல் ஈன்றது. அவற்றுட் பெரும்பகுதி உருக்குக் கோதுடையவை. இங்கு உருக்கு நன்றாகவே வேலை செய்தது. காரணம், அத்தோட்டாவின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 21,000 இறாத்தல் அளவினதே, கோதும் குறுகியது. மேலே கூறிய கவ்விப் பிடித்தல் அங்கு நிகழ இடமில்லை.

அன்றியும், உருக்கைத் திருத்தும் வழியொன்றும் மேற்கூறிய ஈவிலேயே உண்டு. யங்கின் மட்டினை மாற்ற இயலாது. அது எவ்வகை உருக்குக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால், குளிர்நிலையில் நீட்டியும் வெப்பத்தாற் பதப்படுத்தியும் எல்லைத் தகைப்பை உயர்த்தலாம். அதனை 90,000 இறாத்தலுக்கு ஏற்றினால், நமது கோது 0.029 மில்லிமீற்றர் மீளும். பித்தளையை முற்றும் எட்டாவிடினும் அண்மையில் வந்துவிடும். நமது கன்னார் பித்தளைப் பாத்திரத்தைச் சுத்தியலால் அடித்து வன்மையேற்றுவதும், வெடிக்காதிருக்க இடையிடையே தணலிற் காட்டி மென்மையாக்குவதும் இதே வித்தையேயாகும். உருக்கில் இதனைச் செய்தல் அச்சுக்களை விரைவிற் தேய்க்கும், தொழிலும் கடினம். இக்கடினத்தை வென்று, உருக்குக் கோதை நெருக்கடிக்கால மாற்றாக அன்றி நிலையான முறையாகவே ஆக்கிக்கொண்டது சோவியத்து நாடு.

1943ஆம் ஆண்டு அங்கே வகுக்கப்பட்ட 7.62 மில்லிமீற்றர்க் குறுந்தோட்டாவையும், 1949இற் படைக்கு ஏற்கப்பட்ட கலாசினிக்கோவின் துவக்கையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். அத்தோட்டாவின் கோது அடியில் 11.35 மில்லிமீற்றரும் தோளில் 10.07 மில்லிமீற்றரும் விட்டமுடையது. ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் நீளத்துள் 1.28 மில்லிமீற்றர் ஒடுங்குகின்றது. அமெரிக்கரின் 5.56 மில்லிமீற்றர்த் தோட்டாவோ 9.58இலிருந்து 9.00 வரை, ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் நீளத்துள் 0.58 மாத்திரமே ஒடுங்குகின்றது. இவ்வேறுபாட்டின் பயனைப் போத்தற் தக்கையைக் கொண்டு உணரலாம். கூம்பிய தக்கை சிறிது அசைந்ததும் சுற்றிலும் ஒருங்கே விடுபட்டுவிடும். நேருருளையான தக்கை கழுத்தின் நீளம் முழுவதும் உராய்ந்துகொண்டே வரும். சோவியத்துத் தோட்டாவின் அமுக்கமும் சற்றுக் குறைவு. துவக்கின் இழுகொக்கி பெரிது. அடைப்பானைத் தாங்கிப் பின்செல்லும் உறுப்பு கனமானது. வேண்டியதற்கு மேற்பட்ட வலுவோடு அது பின்னே பாய்கின்றது. அறையும் குழலும் குரோமியம் பூசப்பட்டவை. உருக்குக் கோது இவற்றினிடையே இடர் செய்வது அரிது. ஒடுக்கம் ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் கொள்ளற்க. 1974இல் வந்த 5.45 மில்லிமீற்றர்த் தோட்டாவின் கோது முன்னதைவிட நேரானது, அதுவும் உருக்கே, அதுவும் குறையின்றி இயங்கிற்று. துவக்கு அக்கோதுக்கென்றே அமைக்கப்பட்டமையே அதற்குக் காரணம்.

எனவே, உருக்குக் கோது நம்பத்தக்கதோ என்று தனியே வினாவுதல் பொருந்தாது. எத்துவக்கில் என்றும் உடன் வினாவுதல் வேண்டும். பித்தளைக்கென்று வகுத்த துவக்கில் உருக்கை இடும்போதே இடர் தோன்றுகின்றது. அமெரிக்காவிற் பொதுமக்கள் பயன்படுத்தும் 5.56 வகைத் துவக்குக்களில், விலை மலிவு கருதி உருசியாவிலிருந்து வந்த உருக்குத் தோட்டாக்களை இடுவது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. 2021ஆம் ஆண்டு அவ்விறக்குமதிக்கு அந்நாடு தடை விதித்தது. 2013ஆம் ஆண்டு அங்கு ஒரு தோட்டா வணிக நிறுவனத்தார் இதனைப் பெருஞ்செலவிற் சோதித்து வெளியிட்டனர். ஒரே வகையான நான்கு துவக்குக்களுக்கு நால்வகைத் தோட்டாக்களை, வகைக்குப் பதினாயிரமாக ஒதுக்கினர். பித்தளைத் தோட்டா பதினாயிரத்தையும் ஒரு தடங்கலுமின்றி முடித்தது. உருக்கு வகைகளுள் இரண்டு முறையே 9 தடங்கல்களோடும் 15 தடங்கல்களோடும் முடித்தன. மூன்றாவது உருக்கு வகை சிக்கிச் சிக்கி நின்று, பாதிவழியிற் கைவிடப்பட்டது. பதினாயிரத்துக்கு ஒன்பது என்பது விளையாட்டுக்குச் சுடுவோனுக்குச் சிறிய எண். உயிரைக் காக்கச் சுடுவோனுக்கு அவ்வாறன்று. மூன்று உருக்கு வகைகளுக்குள்ளேயே இத்துணை வேறுபாடு இருந்தமையும் கருதத்தக்கது. ‘உருக்கு’ என்ற ஒரே பெயரால் எல்லாவற்றையும் ஒருசேர இகழ்தலோ புகழ்தலோ தகாது.

இச்சிக்கலுக்கு மக்கள் கூறும் காரணமொன்று பரவலானது: கோதின்மேலுள்ள மெருகுப்பூச்சு வெப்பத்தால் உருகி அறையில் ஒட்டிக்கொள்கின்றது என்பர். கேட்பதற்கு இது பொருத்தமாகத் தோன்றும். ஆனால், பூச்சில்லாது வேறு காப்பிட்ட உருக்குக் கோதுகளிலும் இதே சிக்கல் காணப்படுவதை இவ்விளக்கத்தால் விடுவிக்க இயலாது. மெய்க்காரணம் விறைப்பேயாகும். விறைப்பான கோது பித்தளையைப்போல் விரைந்து விரிந்து அறையை அடைப்பதில்லை. அவ்விடைவெளியிற் புகுந்த வாயு அறைச்சுவரிற் கரியைப் படியவிடுகின்றது. கரி படிந்த அறை ஒடுங்கும், உராய்வு மிகும். உருக்குத் தோட்டாக்கள் பலவற்றைச் சுட்டபின் அறையைத் துடையாது பித்தளைத் தோட்டாவை இட்டால், நன்கு விரியும் இயல்புடைய பித்தளை அக்கரியிற் பதிந்து இறுகிக்கொள்ளும். அப்போது சிக்கிய கோது பித்தளையாயிருக்கக் கண்டு, குற்றத்தைப் பித்தளைமேற் சுமத்துவாரும் உளர்! இன்னும், மலிவான தோட்டாக்கள் பலவற்றில் எரிமருந்தின் வலு சற்றுக் குறைவு. பொறியைப் பின்னே தள்ளும் வாயு போதாமையால் வரும் தடங்கலும் கோதின் தலையிலேயே விழுகின்றது.

குழல் தேய்வைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. உருக்குக் கோது குழலைத் தேய்க்கும் என்பர். கோது குழலினுட் செல்வதேயில்லை. அறையில் இருந்து பின்னே வருகின்றது. தேய்ப்பது சன்னத்தின் மேலுறை. அவ்வகைத் தோட்டாக்களின் சன்னத்துக்கு, மெல்லிய செம்பு பூசிய மென்னுருக்கு உறையே பெரும்பாலும் இடப்படுகின்றது. 2013ஆம் ஆண்டுச் சோதனையில் இவ்வுறை வழங்கிய துவக்குக்களின் குழல்கள் பதினாயிரம் நிறைவதற்கு முன்னரே குறி தவறுமளவுக்குத் தேய்ந்துவிட்டன. ஆயினும், தோட்டா விலையில் மிஞ்சிய பணம் புதிய குழல் வாங்கப் போதியது என்று அச்சோதனையாளரே கணக்கிட்டும் காட்டினர். கோதால் உண்மையிற் தேய்வது இழுகொக்கி ஆகும்.

பித்தளை குற்றமற்றதென்று எண்ணுதலும் கூடாது. இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர், மழைக்காலத்தில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை இலாயங்களில் வைத்திருந்தனர். வெயில் வந்து திறந்து பார்க்கையில் கோதுகள் பல நீளப்பாட்டில் வெடித்திருந்தன. பருவமாற்றத்தோடு தோன்றியமையாற் ‘பருவ வெடிப்பு’ என்றே இதற்குப் பெயரிட்டனர். 1921ஆம் ஆண்டு மூர், பெக்கின்சேல், மலின்சன் என்னும் மூவர் காரணத்தை வெளிப்படுத்தினர்: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, நீட்டும்போது பித்தளையினுள் தங்கிய தகைப்போடு சேர்ந்து உலோகத்தைப் பிளக்கின்றது. மெல்லிய சூட்டிற் பதப்படுத்தி அத்தகைப்பை நீக்குதலே மருந்தாயிற்று. துரு உருக்கின் நோயாயின், இது பித்தளையின் நோய்.

பித்தளைக் கோதோடும் துவக்கு முடங்கலாம் என்பதற்கு வியட்நாம் போர் சான்று. 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வீரரின் எம்-16 துவக்குக்கள் கோதைக் கக்காது நின்றன. சிக்கிய கோதைக் குழலின் முன்வாயால் கோலிட்டுத் தள்ள முயன்ற நிலையில் இறந்தவர் உண்டு எனக் கடிதங்கள் வந்தமையால், அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் உபகுழுவொன்று 1967இல் விசாரித்தது. எரிமருந்தின் வகையை மாற்றியமை, அறைக்குக் குரோமியம் பூசாமை, துடைக்கும் கருவிகளையும் பயிற்சியையும் அளியாமை என்பனவே காரணங்களாகத் தோன்றின. கோது நல்ல பித்தளையே. கோது, மருந்து, அறை, கொக்கி ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று இயைந்தாலன்றி எவ்வுலோகமும் காப்பாற்றாது என்பது அங்கு உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்கப்பட்டது. இதற்கு மாறாக, 1959இல் மேற்கு ஜேர்மனி ஏற்ற ஜி-3 துவக்கின் அறைச்சுவரில் நீளவாட்டிற் சிறு பள்ளங்கள் வெட்டப்பட்டன. வாயு அவற்றினூடே கோதின் வெளிப்புறத்தையும் அடைந்து, உள்ளமுக்கத்தை ஓரளவு சமன்செய்து, கோதை ஒட்டவிடாது மிதக்கச் செய்கின்றது. கோதைத் திருத்தாது அறையைத் திருத்திய இவ்வுபாயம் மிக அழகியது என்பது எமது கருத்து.

இப்போது உருக்கு மற்றொரு வழியாக மீண்டும் வந்துள்ளது. 2022ஆம் ஆண்டு அமெரிக்கப் படை தேர்ந்தெடுத்த 6.8 மில்லிமீற்றர்த் தோட்டாவின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 80,000 இறாத்தல் அளவினது. தனிப்பித்தளையின் அடிப்பகுதி இதனைத் தாங்காது. ஆகையால் கோதின் அடியைத் துருவேறா உருக்காலும், உடலைப் பித்தளையாலும் செய்து, இரண்டையும் இடையிற் பிணித்துள்ளனர். அறையோடு ஒட்டி விரிந்து மீளவேண்டிய சுவர் பித்தளையாகவே இருக்க, விரிதல் வேண்டாது தாங்கி நிற்க மாத்திரம் வேண்டிய அடிக்கு விறைப்பான உருக்கு வைக்கப்பட்டுள்ளது.